மூன்று பேர், ஒரு லென்ஸ்

போன புதன்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடத்து ஜெபமணி ரீச்சர் என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். நாற்காலியைக் காட்டி இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

“என்ரை பங்கை ஆருக்காவது வித்துத் தாங்கோ.”

காணியல்ல, வீடல்ல... அவர் சொன்னது ஒரு லென்ஸை!

பறவைப் படம் எடுக்கும் பைத்தியம் எங்கள் மூவருக்கும் — அலுவலகத்தில் வேலை செய்யும் எனக்கு, ரீச்சருக்கு, கடற்றொழில் செய்யும் சிவம் அண்ணைக்கு. ஆளுக்கொரு பழைய கமரா உண்டு. ஆனால் நீரேரியின் நடுவே நிற்கும் பூநாரை அதில் வெறும் வெள்ளைப் புள்ளி. தூரத்தை இழுக்கிற லென்ஸ் வேண்டும். விலையைக் கேட்டால் காய்ச்சல் வரும். வெளிநாடு போன கல்யாணவீட்டுப் படக்காரர் ஒருவர் தன்னுடையதை விற்றபோது, மூன்று பேரும் சேர்ந்து வாங்கினோம்.

பங்கிடுவது எங்களுக்குத் தெரியாததா? பங்குக் கிணற்று ஊர்! ஒரு கிணறு, நாலு தோட்டம், ஆளுக்கொரு இறைப்பு நாள். லென்ஸுக்கும் அதே முறை. கிழமை நாட்கள் சிவம் அண்ணைக்கு. சனி, ஞாயிறுக்கு நானும் ரீச்சரும் சீட்டுக் குலுக்கினோம். எனக்குச் சனி. அவருக்கு ஞாயிறு.

அங்கேதான் கோட்டை விட்டோம்.

ஞாயிறு காலை ரீச்சர் தேவாலயப் பாடகர் குழுவில் நிற்பார். வீடு திரும்ப வெயில் உச்சிக்கு வந்துவிடும். பறவை காத்திருக்குமா? எட்டு மாதம்... ஒரு படம்கூட இல்லை!

“ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, ரீச்சர்?”

“எப்பிடிச் சொல்லுறது? இறைப்பு நாளை மாத்தக் கேட்டுத்தான் எங்கடை ஐயாவும் சித்தப்பாவும் கோட்டிலை வழக்காடினவை. இண்டைக்கும் அந்த வீட்டோடை கதை பேச்சில்லை. உங்களோடையும் கதையில்லாமல் போறதிலும் பாக்க, லென்ஸ் போகட்டும்.”

தான் எடுத்த படங்களைக் காட்ட முன்பே என் வீட்டுக்கு வந்திருந்த சிவம் அண்ணைக்குப் பொறுக்கவில்லை.

“நாப்பது பிள்ளையளை வெருட்டுற வாய்! உவனிட்டை ஒரு நாள் கேக்கேலாமல் போச்சே?”

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“உனக்கு ரெண்டு நாளும் கந்தோர் லீவுதானே? ஞாயித்துக்கிழமை ரீச்சர் எங்கை நிப்பா எண்டு உனக்குத் தெரியாதோ?”

தெரியும். ஊருக்கே தெரியும். என் நாள் எனக்குச் சரியாக இருந்தது. அடுத்தவர் நாளைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. மலிவாகச் சந்தோஷப்படப் பங்கு போட்டால் மட்டும் போதுமா? பங்காளியை ஒரு தடவை, “உங்களுக்குச் சரிவருதோ?” என்று கேட்கவும் வேண்டாமா?

அந்த இடத்திலேயே நாட்களை மாற்றினோம்: சனி ரீச்சருக்கு, ஞாயிறு எனக்கு.

சனிக்கிழமை காலை போனில் ஒரு படம் வந்தது. பத்துப் பதினைந்து பூநாரைகள் — ஒன்றுக்கும் தலையில்லை! எல்லாம் தண்ணீருக்குள். ரீச்சரின் முதல் படம்.

கீழே எழுதியிருந்தார்: “பங்கு விக்கிறேல்லை. கமராவை நிறுத்திவைக்க ஒரு ஸ்ராண்டும் சேந்து வாங்குவம். நாள் பிரிக்கேக்கை இந்தமுறை நான்தான் முதல் கதைப்பன்!”