இருமல் கலெக்டர்

"என் ஸ்கிரீனுக்குத் தெரியாம இந்த ஊர்ல ஒருத்தன் இரும முடியாது!" என்று சுகாதார நிலைய வாசலில் அவர் முழங்கிய நாளிலிருந்து ஊர் அவருக்கு இருமல் கலெக்டர் என்று பட்டம் சூட்டிவிட்டது. பதவி என்னவோ டேட்டா என்ட்ரி ஆபரேட்டர்தான். காசநோய் கண்டவர்களின் விலாசத்தையும், மாத்திரை வாங்கினார்களா என்பதையும் கணினியில் ஏற்றுவார். உடனே வரைபடத்தில் அந்தத் தெருவில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். அவர் குடியிருந்த தெருவில் மட்டும் புள்ளியே கிடையாது. கிருமிகள் தமக்கு அஞ்சித் தெருமுனையோடு திரும்பிவிடுவதாகவே அவர் நம்பினார்.

நோயாளியின் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்ற விதியை அவர் மீறியதில்லை. இரவுச் சாப்பாட்டின்போது, "இன்னிக்குத் தகர டப்பா வந்திருந்தார், ஓட்டைத் துருத்தியைத்தான் காணோம்" என்று பட்டப்பெயரில்தான் சொல்வார். மனைவி சிரிப்பாள். சில மாதங்களாகச் சிரிப்பதில்லை. அவளுக்கு நகைச்சுவை உணர்ச்சி வற்றிவிட்டது என்று இவர் தீர்ப்பெழுதினார்.

அந்த வருடம் அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. வாங்கிய களைப்புத் தீர ஒரு வாரம் லீவு போட்டு, வீட்டில் காலை நீட்டினார். மனைவி குளிக்கப் போயிருந்தபோது அவளுடைய செல்போன் அடித்தது.

"பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி நர்ஸ் பேசறேன். அக்கா இல்லையா? ஐயோ, நீங்க வீட்டுக்காரரா?"

அந்த 'ஐயோ'வில் இருந்த நடுக்கம் அவரை என்னவோ செய்தது. "இல்ல... அண்ணன்" என்றார்.

"அப்பாடா! அண்ணா, அக்கா இந்த வாரம் மாத்திரை வாங்க வரல. அந்த மனுஷன் லீவுல வீட்டோட இருக்காரோ என்னவோ. நடுவுல விட்டா அப்புறம் எந்த மாத்திரைக்கும் கிருமி அடங்காது. கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

இதையே சொல்லி எத்தனை பேரை அவர் அதட்டியிருக்கிறார்!

ஈரத்தலையோடு வந்த மனைவி, அவர் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் இவர்.

"சொன்னா எனக்கு என்ன பேர் வெச்சிருப்பீங்க?"

அவர் போனை அவளிடம் நீட்டினார்.

"நான் மட்டுமா? எதிர்வீட்டு டெய்லரும் அந்த ஆஸ்பத்திரிக்கு அதே பஸ்லதான் வர்றார். நம்ம தெருவுல யார் இருமினாலும் அந்த பஸ்தான்."

மறுநாள் காலை அந்த பஸ்ஸில் மனைவிக்குப் பின்னால் அவரும் ஏறினார். ஜன்னலோரம் இருந்த டெய்லர், வெளியே மும்முரமாக எதையோ பார்க்கத் தொடங்கினார். இவரும் தம் செருப்பைப் பார்த்துக்கொண்டே போனார்.

ஆஸ்பத்திரியில் கணினி முன் ஒரு பெண் இருந்தாள். "மாத்திரையை இனிமே விடாதீங்கக்கா. வீட்ல கூட இருக்கறவங்களுக்கும் டெஸ்ட் எடுக்கணும். விலாசம் உங்க அண்ணன் வீடுதானே?"

மனைவி தலையாட்டப் போனாள். அவர் முந்திக்கொண்டு தம் ஊரையும் தெருவையும் சொன்னார்.

"அந்தத் தெருவா? மேப்புல பார்த்தா அங்க யாருக்குமே கிடையாதே சார்!"

"இருக்கும்மா" என்றார், குரல் எழும்பாமல். "போடுங்க."