பதினொரு மெஷின் சத்தம்

தையல் டீச்சர் பத்தொன்பது ஆண்டுகள் பாடம் நடத்தியது பதினொரு மெஷின்கள் கொண்ட ஒரே அறையில்தான். அங்கே அவருக்குக் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை. திரும்பி நின்றாலும் எந்த மெஷின் மக்கர் செய்கிறது என்று சொல்லிவிடுவார். வகுப்பு ஆன்லைனுக்கு மாறியதும் மாணவிகள் பதினொரு பேரும் அவரவர் வீட்டில் மைக்கை அணைத்துவிட்டுத் தைத்தார்கள். ஐந்தாவது வாரம், தொலைதூரத்து மாணவி ஒருத்தி, "தையல் சுருங்கிக்கிட்டே போகுது, எனக்குக் கை வரலை, நின்னுக்கிறேன்" என்று எழுதினாள்.

மறுநாள் அவளையும் வரச் சொல்லி, "இன்னிக்கு எல்லாரும் மைக்கைப் போட்டுட்டுத் தைங்க" என்றார் டீச்சர்.

"காது கிழிஞ்சிடும் டீச்சர்!"

"கிழிஞ்சா தைச்சுக்கலாம், அதுக்குத்தானே படிக்கிறீங்க."

பதினொன்றும் ஒன்றாக இரைந்தன. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். பழைய அறையே திரும்பி வந்தாற்போல் இருந்தது; எண்ணெய் வாசனை மட்டும்தான் குறை. நடுவே ஒரு மெஷின் டொக் டொக்கென்று இடித்தது. ஒவ்வொருவராக நிறுத்தச் சொன்னார். அந்த மாணவியின் மெஷின்தான்.

"ஏம்மா, ஊசி எப்போ மாத்தினே?"

"மாத்தவே இல்லையே டீச்சர்..."

"முனை மழுங்கிடுச்சு. குத்தம் உன் கையில இல்லடி."

புது ஊசியில் துணி சுருங்காமல் ஓடியது. வகுப்பு நேரம் முடிந்து பத்து நிமிடம் ஆகியும், மைக்கை அணைக்கச் சொல்ல டீச்சருக்கு மனம் வரவில்லை.