யூரியா சாக்கில் வந்தது

1. மூன்றாம் நாள் காலை

கேட்டைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. பச்சையாக இருந்த புல்தரை தவிட்டு நிறமாகிக் கிடந்தது. முழுவதும் அல்ல, பட்டை பட்டையாக. நான் கை வீசி உரம் தூவிக்கொண்டு நடந்த தடம் அப்படியே பதிந்திருந்தது. யார் செய்தது என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை.

திருப்பூரில் வீட்டுத் தோட்டங்களைப் பராமரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றில் அப்போது நான் சேர்ந்து நான்கு மாதம். தோட்டக்கலை டிப்ளமோ முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனதே நான்தான் முதல். அப்பாவும் அம்மாவும் பல்லடத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். நிலம் கிடையாது. உரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நோட்டில் எழுதிப் படித்ததுதான்.

அந்த வீடு ஒரு பனியன் கம்பெனி முதலாளியுடையது. வீட்டு விஷயம் எல்லாம் அவருடைய மனைவி கையில். நாங்கள் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவர்கள் மகளுக்கு நிச்சயம் அந்தப் புல்தரையிலேயே நடப்பதாக இருந்தது. நான் உரம் போட்ட அன்று அதற்குப் பதினோரு நாள். இப்போது ஒன்பது.

2. சாக்கு

"மாப்ள ஊட்டுக்காரங்க வர்றப்ப புல்லு பசேல்னு இருக்கோணுங் கண்ணு" என்று அம்மா சொல்லியிருந்தார். ஆயிரம் சதுர அடிக்கு ஒரு கிலோ யூரியா, நாலாயிரம் அடிக்கு நாலு கிலோ என்று கணக்குப் போட்டேன். உரக்கடையில் யூரியா வாங்கக் கைரேகை வைக்க வேண்டும், அந்த மிஷினுக்கு இரண்டு நாளாக சர்வர் இல்லை. வீட்டு டிரைவர் மாரியப்பன் அண்ணன், கம்பெனியில் துணி பிரிண்டிங்குக்கு யூரியா வைத்திருப்பார்கள், வாங்கி வருகிறேன் என்றார். அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அங்கே சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அரைச் சாக்கு கொண்டுவந்து மோட்டார் ரூமில் வைத்தார். சாக்கின் மேல் பெரிய எழுத்தில் யூரியா என்று அச்சடித்திருந்தது.

அள்ளிப் பார்த்தேன். யூரியா சின்னச் சின்ன உருண்டையாக இருக்கும். இது ரவை மாதிரி இருந்தது. சந்தேகம் வந்தது. எங்கள் ஓனர் பழனிசாமி அண்ணனுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். ஆனால் அவர் இந்த வீட்டு அம்மாவிடம், படிச்ச பையன், எல்லாம் அவனே பாத்துக்குவான் என்று சொல்லி என்னை அனுப்பியிருந்தார். நான் எப்படிக் கேட்பது? கம்பெனிக்கு வருவது வேறு கிரேடாக இருக்கும் என்று எனக்கு நானே ஒரு பதில் சொல்லிக்கொண்டேன்.

இன்னொரு தப்பும் செய்தேன். புல்லில் பனி ஈரம் காய்வதற்குள் தூவினேன். ஈர இலையில் உரம் ஒட்டிக்கொள்ளும், காய்ந்த பிறகுதான் தூவ வேண்டும், தூவியதும் நிறையத் தண்ணீர் விட வேண்டும். இதுவும் நோட்டில் இருந்ததுதான். ஸ்பிரிங்ளர் பத்து நிமிடம் ஓடியது, டேங்க் காலி. மிச்சத்துக்குச் சாயங்காலம் விடலாம் என்று அடுத்த வீட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் நான் திரும்பி வரவில்லை.

3. அம்மாவின் கை

அம்மா புல்தரையை ஒரு சுற்று நடந்து பார்த்தார். என்ன போட்டேன் என்று கேட்டார். யூரியாங்கம்மா, அளவாத்தானுங்க போட்டேன் என்றேன். நேராக மோட்டார் ரூமுக்குப் போனார். சாக்கிலிருந்து ஒரு கை அள்ளி, குழாயில் நனைத்து, இரண்டு உள்ளங்கையிலும் வைத்துத் தேய்த்தார். பிறகு என் கையில் கொஞ்சம் வைத்தார். சோப்பு மாதிரி வழுக்கியது. லேசாகச் சுட்டது.

"யூரியாவா இருந்தா கை சில்லுனு ஆகோணும். இது சோடா. கண்ணாலமான புதுசுல பட்டறைல இதை எடை போட்டவ நானு. வெள்ளையா இருந்தா எல்லாம் யூரியாவா கண்ணு?"

சாயப்பட்டறையில் சாயம் துணியில் பிடிப்பதற்குப் போடுகிற சோடா ஆஷ் அது. சாக்கின் வாயைக் கட்டியிருந்த நீல நிறப் பனியன் துணியை அம்மா காட்டினார். பட்டறையில் காலிச் சாக்கை வீணாக்க மாட்டார்கள், எந்தச் சாக்கிலும் எதுவும் இருக்கும். அச்சடித்திருப்பதை அங்கே ஒருவரும் படிப்பதில்லை. கட்டியிருக்கும் துணியின் நிறம்தான் கணக்கு. அவர்கள் கம்பெனியில் சிவப்பு என்றால் யூரியா, நீலம் என்றால் சோடா.

மாரியப்பன் அண்ணன் முகம் செத்துவிட்டது. "நான் வண்டி ஓட்டுதவன்ம்மா. யூரியான்னு போட்டிருந்துச்சு, தூக்கிட்டு வந்தேன்" என்றார். பிள்ளைகளை அந்த வாரம்தான் இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார். அம்மா கம்பெனி மேனேஜருக்குப் போன் போட்டார். அவரை வேலையை விட்டு நிறுத்தச் சொல்லப் போகிறார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. ரிங் போய்க்கொண்டிருந்தது.

"அம்மா, அவர் மேல தப்பில்லீங்க. பாத்தப்பவே எனக்கு டவுட்டுங்க. யாரையுங் கேக்காமத் தூவிட்டேனுங்க."

அம்மா போனை அணைத்தார். "கேக்கறதுக்கு என்ன?"

"படிச்சவன் கேட்டா நல்லா இருக்காதுன்னு..."

"இப்ப மட்டும் நல்லா இருக்குதாக்கும்" என்றார். அப்புறம், ஒன்பது நாளில் இது பச்சையாகாவிட்டால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வேலை போகும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

4. ஒன்பது நாள்

அந்த வீட்டு போர் தண்ணீர் உப்பு. அதை விட்டால் இன்னும் கெடும். அம்மாவே ஆற்றுத்தண்ணீர் லாரிக்குச் சொன்னார். முதல் நாள் இலை கழுவி வழிகிற அளவுக்கு அடித்தோம். பழனிசாமி அண்ணன் என்னைத் திட்டிக்கொண்டே, மண்ணில் இறங்கிய சோடாவை முறிக்க ஜிப்சம் மூட்டையோடு வந்தார். ஜிப்சம் தூவி, மறுபடி தண்ணீர். மாரியப்பன் அண்ணன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஹோஸ் பிடித்தார். அம்மாவின் தம்பி வந்து பார்த்து, டையிங் மாஸ்டரைக் கூப்பிட்டுப் பச்சை முக்கிவிடலாமா, ஷேடு கரெக்டாக வரும் என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ஐந்து நாள் ஒன்றும் தெரியவில்லை. தினமும் காலையில் மண்டி போட்டு, தண்டின் அடியை நகத்தால் கீறிப் பார்ப்பேன். உள்ளே வெளிர்பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. பெரும்பாலும் இருந்தது. சீக்கிரம் பச்சையாகட்டும் என்று கொஞ்சம் யூரியா விடலாமா என்றுகூட ஒரு தடவை தோன்றியது. இந்தத் தடவை பழனிசாமி அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். வெந்த புல்லுக்கு உரமா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

ஆறாம் நாள் ஊசிமுனை மாதிரி தளிர் வந்தது. ஏழாம் நாள் கருகிய நுனியை மட்டும் மேலாக வெட்டினோம். படிக்கட்டுக்குப் பக்கத்தில், பக்கெட்டில் மிஞ்சியதை நான் கொட்டிய இடம், ஒரு கட்டில் அகலத்துக்குச் செத்தே போயிருந்தது. அங்கே மண்ணோடு வெட்டி எடுத்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த புல்லைப் பாளமாகப் பெயர்த்து வந்து ஒட்டினோம்.

நிச்சயத்தன்று கேட்டிலிருந்து பார்த்தால் பச்சை. பக்கத்தில் வந்தால் அங்கங்கே மண் தெரிந்தது. ஒட்டிய பாளத்தின் மேல் குழந்தைகள் ஓடும்போதெல்லாம் நான் போய் அவர்களை வேறு பக்கம் திருப்பிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் தட்டு மாற்றினார்கள், சாப்பிட்டார்கள், யாரும் கீழே குனிந்து பார்க்கவில்லை. அவர்களைக் கொண்டுபோய் விட்டுவரக் கார் சாவியை அம்மா மாரியப்பன் அண்ணனிடம்தான் கொடுத்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். எழுதியிருப்பதை மட்டும் நம்பித் தூவாதீர்கள். ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் கையில் பாருங்கள். அப்படியும் புரியாவிட்டால் தூவாமல் நில்லுங்கள்.

பந்தல் பிரிக்கும்போது அம்மா வந்து, இனி எப்போது உரம் போடலாம் என்று கேட்டார். என்னிடம்தான் கேட்டார்.

"தெரியலீங்கம்மா. மண்ணை எடுத்து டெஸ்ட்டுக்குக் குடுத்துப் பாத்துட்டுச் சொல்றனுங்க."

வேலையிடத்தில் தெரியவில்லை என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா தலையாட்டிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.