சல்மாக்கா சொல்லும் படம்

விளக்கை அணைத்ததும் எல்லாரும் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்வார்கள். உம்மு சல்மா கழற்றுவார். முக்காட்டு நுனியால் இரண்டு துடை துடைத்து, கூட்டுக்குள் வைத்து, டப்பென்று மூடிப் பைக்குள் போடுவார். அந்தச் சத்தம் கேட்டால் கடைசி வரிசை வரை பேச்சு அடங்கிவிடும். திரையில் படம் ஓட ஆரம்பித்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கலாம். எங்களுக்கு அப்போதுதான் தொடக்கம்.

ஏன் கழற்றுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "கீழ எழுத்து ஓடுதுல்ல தம்பி, அது மூஞ்சியப் பாக்க விடமாட்டேங்குது. கண்ணாடியக் கழட்டிட்டா எழுத்து மங்கிரும், மூஞ்சி மட்டும் நிக்கும். மூஞ்சி பொய் சொல்லாது" என்றார். மூஞ்சிகளைப் பற்றி அவர் சொன்னது சரிதான். சல்மாக்காவைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.

நாகல் நகர்ப் பக்கம் இருக்கும் எங்கள் சின்ன நூலகத்தில் மாதத்துக்கு இரண்டு ஞாயிறு மதியம் இலவசமாகப் படம் போடுகிறார்கள். செய்தித்தாள் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போடுவார்கள். சட்டப் புத்தக அலமாரியின் மேல் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருக்கும். அந்த அலமாரியை வேறு எதற்கும் யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. மின்விசிறியைப் போட்டால் துணி ஆடிக் கதாநாயகனின் மூக்கு வளையும். நிறுத்தினால் திண்டுக்கல் வெயிலில் நாங்கள் வளைவோம். நூலகர் இனிகோ இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்து ஒன்றாம் எண்ணில் சுழல விடுவார். அப்போது திரையில் இருப்பவர்களின் உதடு லேசாக நடுங்கும். "பாரு மேரி, அழுகைய அடக்குறா" என்பார் சல்மாக்கா. அடக்குவது மின்விசிறி.

மேரி என்பது ஆனந்தமேரி. சல்மாக்கா நாகல் நகரில் நாலைந்து டீக்கடைகளுக்கு வெங்காய சமோசா போட்டுக் கொடுப்பவர். ஆனந்தமேரி அவருக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்கும் கூட்டாளி. ஆனந்தமேரிக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆள் வருவது தெரியும், யார் என்று தெரியாது. ஆப்பரேஷனுக்கு வரச்சொல்லி ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வீட்டில் ஒரு விசேஷம் குறுக்கே வந்துவிடுகிறது. நூலகத்தில் ஏதோ கூட்டத்துக்கு சமோசா கேட்டிருந்தார்கள் என்று இருவரும் தூக்கிக்கொண்டு வந்த ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் முடிந்து படம் ஓடிக்கொண்டிருந்தது. கூடையைத் திரும்ப வாங்க வேண்டுமே என்று உட்கார்ந்தார்கள். "என்னடி சொல்றான் அவன்?" என்று ஆனந்தமேரி காதோரம் கேட்டார். சல்மாக்காவுக்கு அந்த மொழியும் தெரியாது, கீழே ஓடிய ஆங்கிலமும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லும் பழக்கமும் அவருக்குக் கிடையாது.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். இங்கே போடுவதெல்லாம் வெளிதேசத்துப் படங்கள். அடியில் ஓடும் ஆங்கில வரிகளை வாசிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். நானும் மற்றவர்களும் வாசித்துவிட்டது போலத் தலையை ஆட்டிக்கொண்டிருப்போம். சல்மாக்கா வந்த பிறகு அந்த நடிப்புக்கு அவசியம் இல்லாமல் போயிற்று. அவரைச் சுற்றியிருக்கும் நாற்காலிகள்தான் இப்போது முதலில் நிறையும். முன்வரிசைக்காரர்கள் முகத்தைத் திரைக்கும் காதைப் பின்னாலும் கொடுத்து உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டோ ஓட்டும் மரியராஜ் ஞாயிறு மதியம் சவாரி கூப்பிட்டால், "கதை கேக்கப் போறேன்" என்றுதான் சொல்கிறார்.

கதை சொல்வதில் சல்மாக்காவுக்கு ஒரு முறை உண்டு. படம் தொடங்கிய உடனே உறவை நிர்ணயித்துவிடுவார். எந்தத் தேசத்து ஆளாக இருந்தாலும் திரையில் இருவர் வந்தால் அவர்கள் மாமியார் மருமகளாகவோ மைத்துனர்களாகவோ சம்பந்திகளாகவோதான் இருக்க முடியும். தெருவில் தனியாக நடப்பவன் பெண் பார்க்கப் போகிறான். ஜன்னல் வழியே வெளியே பார்ப்பவள் பிறந்த வீட்டை நினைக்கிறாள். போலீஸ்காரன் வந்தால் பாகப்பிரிவினை. விண்வெளியில் ஓர் ஆள் தன்னந்தனியாக மிதக்கும் படம் ஒன்று போட்டார்கள். இதில் என்ன செய்யப்போகிறார் பார்ப்போம் என்று நான் விஷமத்தோடு காத்திருந்தேன். "வெளிநாட்டு வேலைனு ஏஜெண்டு ஏமாத்திட்டான் மேரி. வீட்டுக்குப் போன் போட்டா டவர் கெடைக்கல" என்றார். பின்வரிசையில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். அவருடைய மகன் துபாயில் இருக்கிறான்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததைக் கெடுத்தது ஒரு பனி தேசத்துப் படம். ஒரு வீடு, ஓர் ஆண், ஒரு பெண். இருவரும் பேசாமல் கூரையைச் செப்பனிடுகிறார்கள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்த சல்மாக்கா, "அண்ணன் தங்கச்சி. அப்பன் வீட்டப் பாகம் பிரிக்காம மவுத்தாயிட்டான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது. அவன் அவளை முறைக்கிறான், அவள் அவனுக்கு ரொட்டியை வீசிவிட்டுப் போகிறாள். பாதிப் படம் வரை நாங்கள் அண்ணன் பக்கம் கொஞ்சம் பேரும் தங்கச்சி பக்கம் கொஞ்சம் பேருமாகப் பிரிந்து கிடந்தோம். அப்போது அவன் ஏணியிலிருந்து இறங்கி வந்து அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டான்.

நாற்காலிகள் கிரீச்சிட்டன. திரையை யாரும் பார்க்கவில்லை. அத்தனை பேரும் சல்மாக்காவைத்தான் பார்த்தோம். "என்னடி ஆச்சு, ஏன் எல்லாம் அமைதியாயிட்டாங்க?" என்றார் ஆனந்தமேரி.

சல்மாக்கா அசரவில்லை. முக்காட்டைச் சரிசெய்தார். "அண்ணன் இல்லயாம் மேரி. அத்தை மகனாம். சொத்துக்காக இம்புட்டு நாளா மறைச்சு வச்சிருக்காங்க" என்றார்.

அறை முழுக்க மூச்சு வந்தது. "அதான பாத்தேன்" என்றார் மரியராஜ்.

இந்த இடத்தில் ராயப்பராஜ் சாரைச் சொல்லியாக வேண்டும். ஆங்கில ஆசிரியராக இருந்து தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவர். நூலகத்தில் படம் போட வைத்தவரும் அவர்தான், படம் காட்டும் புரொஜெக்டரும் அவருடையது. படத்துக்கு முன் முன்னுரை, பின் கலந்துரையாடல், இரண்டையும் படத்தை விட நீளமாக நடத்துவார். முதல் வரிசையில் உட்காருவார். காது சற்று மந்தம். பின்னால் எழும் முணுமுணுப்பை, மக்கள் படத்தில் ஒன்றிப்போய் விவாதிக்கிறார்கள் என்று நினைத்துப் பூரித்துக்கொண்டிருந்தார்.

பனிப் படம் முடிந்ததும் எழுந்து நின்று, இந்தக் கணவன் மனைவியின் மௌனம் நமக்கு என்ன சொல்கிறது என்று கேட்டார். மரியராஜ் கையைத் தூக்கி எழுந்தார். "அத்தை மகன்னு முன்னாடியே சொல்லிருந்தா இம்புட்டுப் பிரச்சன வந்திருக்காது சார். சொத்தும் வெளிய போயிருக்காது" என்றார். பலர் ஆமோதித்துத் தலையசைத்தார்கள்.

ராயப்பராஜ் சார் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். அரை மணி நேரம் விசாரித்து உண்மையைக் கறந்துவிட்டார். மறுநாளே இனிகோவிடம் வந்து, ஒன்று அந்த அம்மாள் பேச்சை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் புரொஜெக்டர் வீட்டுக்குப் போகும் என்று சொல்லிவிட்டார். கலைஞன் ரத்தம் சிந்தி எடுத்த படத்தைச் சம்பந்தி சண்டையாக்கும் கொடுமைக்குத் தன் கருவி துணைபோகாதாம். இனிகோ சங்கடத்தோடு சல்மாக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னார். "சரிப்பா, வாயத் தொறக்கல. இதுக்குப் போயி நீ எதுக்கு வேர்த்து வந்திருக்க" என்று சல்மாக்கா இரண்டு சமோசாவும் தண்ணீரும் கொடுத்து அனுப்பினார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த படத்துக்கு வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு வந்தார். கண்ணாடியைக் கழற்றவே இல்லை. அறையில் மயான அமைதி. ஆனந்தமேரி கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போய்க் குறட்டை விட்டார். அதுவும் சத்தம்தானே என்று சார் திரும்பிப் பார்த்தார். அதற்கடுத்த படத்துக்குப் பாதி நாற்காலி காலி. மரியராஜ் சவாரிக்குப் போய்விட்டார். இப்படியே போனால் எதற்கு ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் கரண்டைச் செலவழிக்கிறீர்கள் என்று மேலே கேட்பார்கள், படமே நின்றுவிடும் என்று இனிகோ புலம்பினார். அந்த வாரம் டீக்கடையில் சமோசாவில் உப்பு இல்லை. கடைக்காரர் கண்ணன் என்னிடம் முறையிட்டார், நான்தான் ஏதோ சல்மாக்காவின் உறவுக்காரன் என்பது போல.

காலித் தூக்குவாளியை வாங்கக் கடைக்கு வந்த சல்மாக்காவிடம் உப்பைப் பற்றிச் சொன்னேன். அவர் வேறு பதில் சொன்னார். "எனக்கென்ன தம்பி, நான் பாத்துக்கிருவேன். மேரிக்குத்தான் ஒண்ணும் தெரியல. என் கையப் புடிச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கா. படம் முடிஞ்சதும் நல்லா இருந்துச்சுங்கறா. அதக் கேக்கத்தான் கஷ்டமா இருக்கு." எனக்கும் கஷ்டமாக இருந்தது. உப்பில்லாத சமோசாவை முழுசாகத் தின்றுவிட்டு வந்தேன்.

ராயப்பராஜ் சார் கெட்ட மனிதர் இல்லை. காலி நாற்காலிகள் அவரையும் உறுத்தின. ஆங்கிலம்தான் தடை என்றால் தமிழிலேயே எழுத்து ஓடவிடுவேன் என்று கிளம்பினார். அடுத்த படம் முழுவதையும் வீட்டில் உட்கார்ந்து கணினியில் தானே மொழிபெயர்த்தார். ஆனந்தமேரிக்காக ஒரு சலுகையும் அறிவித்தார். உம்மு சல்மா அவர்கள் திரையில் எழுதியிருப்பதை, எழுதியிருப்பதை மட்டும், தோழிக்கு மெதுவாக வாசித்துக் காட்டலாம்.

செய்தி பரவிக் கூட்டம் வந்துவிட்டது. சல்மாக்கா கிராம்பைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, கண்ணாடியை நன்றாகத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மலையடிவாரத்துக் கிராமம் ஒன்று. ஆடு மேய்க்கும் ஒருவன் தன் மனைவியிடம் ஏதோ இரண்டே சொல் சொன்னான். திரையில் மூன்று வரி வந்தது. சல்மாக்கா எழுத்துக் கூட்டினார்: "என் ஆருயிர்த் துணையே... யான் இன்று... மலைமீது ஏகவில்லை... என் உள்ளம் கலங்குகின்றது."

"இவன் ஏன்டி பைபிள் படிக்கிறான்?" என்றார் ஆனந்தமேரி.

கொஞ்ச நேரம் வாசிப்பும் படமும் சேர்ந்துதான் போயின. பிறகு எழுத்து பின்தங்க ஆரம்பித்தது. அவன் பேசி முடித்துக் கதவைச் சாத்திவிட்டுப் போன பிறகு அவன் வசனம் வந்தது. அவளுடைய பதில் அவள் மாமனார் முகத்தில் வந்தது. அதற்கும் பிறகு திரையில் ஓர் ஆடு மட்டும் நின்று எங்களைப் பார்த்தது. சல்மாக்கா கொடுத்த வாக்குப்படி வாசித்தார்: "இக்கணமே... இவ்வீட்டை விட்டு... வெளியேறுக."

சிரிப்பில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. சார் எழுந்து ஓடினார். மடிக்கணினியில் இனிகோவின் கையைத் தட்டிவிட்டுத் தானே எதையோ அழுத்தினார். எழுத்து முற்றிலும் மறைந்துவிட்டது. ஆங்கிலமும் இல்லை, தமிழும் இல்லை. இருவருமாக என்னென்னவோ அழுத்திப் பார்த்தும் அது திரும்பி வரவில்லை.

படம் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு கிழவி பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பொட்டலத்தோடு உட்கார்ந்து அழுதாள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. சிரிப்பு அடங்கிப் பின்வரிசையில் இரண்டு பேர் செருப்பைத் தேடினார்கள். மரியராஜ் காக்கிச் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். சார் விளக்கம் சொல்லலாம் என்று திரைக்கு முன்னால் போய் நின்றார். அவருடைய நிழல் கிழவி மேல் விழுந்தது. "இந்த மூதாட்டியானவர்..." என்று தொடங்கிவிட்டு, எழுந்து போகிறவர்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"யாரோ அழுகுற மாதிரி இருக்கே. யாருடி?" என்று ஆனந்தமேரி கேட்டார்.

"எழுத்து வரல மேரி" என்றார் சல்மாக்கா. "வந்தா வாசிக்கிறேன்."

குத்திக் காட்டிய குரல் இல்லை அது. நிஜமாகவே எழுத்துக்காகத் திரையின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது சாருக்கும் எட்டியது; திரைக்கு முன்னாலிருந்து விலகினார். பிறகு முதல் வரிசையிலிருந்த தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஆனந்தமேரிக்கு அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தார். அந்தக் கிழவி எதற்கு அழுகிறாள் என்பது அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்தவர் ஆயிற்றே.

"அந்தம்மா எதுக்கு அழுகுது?" என்றார். "சொல்லுங்கம்மா, செத்த நேரம் கேப்போம்."

செருப்புத் தேடியவர்கள் நின்றார்கள். சல்மாக்கா சாரை ஒரு பார்வை பார்த்தார். வாயிலிருந்த கிராம்பைக் கடித்து விழுங்கினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, முக்காட்டு நுனியால் இரண்டு துடை துடைத்து, கூட்டுக்குள் வைத்து, டப்பென்று மூடினார்.