இடது பக்க மருந்து

எங்கள் சிமெண்ட் ஆலைக்குத் திங்கட்கிழமை போலந்து எஞ்சினியர் ஒருவர் வருகிறார். அவருக்காக ஆய்வகத்தின் பழைய கம்ப்யூட்டரில் போலிஷ் மொழியை ஏற்றினேன். அணைந்து எழுந்த திரையில் எல்லாமே போலிஷ். நடுவில் ஏதோ கேள்வி, கீழே இரண்டு பட்டன்கள். உள்ளே இத்தனை வருடச் சோதனை முடிவுகளும் இருக்கின்றன. வேறு நகல் கிடையாது.

“இடது பக்கம் எப்பவும் ‘ஆமா’தானேக்கா, அழுத்துங்க,” என்றாள் கூட வேலை பார்க்கும் செல்வி.

என் விரல் நின்றுவிட்டது.

சின்ன வயதில், உடையார்பாளையத்து எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு பாட்டில்கள் இருக்கும். இடது பக்கம் அப்பாவின் இருமலுக்கு, வலது பக்கம் முந்திரி மரத்தில் பூச்சிக்கு அடிப்பதற்கு. இரண்டுக்கும் மருந்து என்றுதான் பேர். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இடத்தை வைத்துத்தான் எடுப்பாள். மூன்றாம் வகுப்பில் ஒருநாள் நான் அலமாரியைத் துடைத்து, உயரமான பூச்சி மருந்து பாட்டிலை இடது பக்கம் மாற்றி வைத்தேன். சாயங்காலம் அம்மா அதைச் சாய்த்து, ஸ்பூனை அப்பாவின் வாயருகே கொண்டுபோனாள். நெடி அடித்ததும் ஸ்பூனைக் கீழே போட்டுவிட்டாள்.

“எடத்த மாத்துனியாடி?”

அடிக்கவில்லை. அதன்பின் எந்தப் பாட்டிலையும் திறக்குமுன் என்னிடம் நீட்டுவாள். “படிச்சுச் சொல்லு.” சொல்லி முடிக்கும்வரை என் வாயையே பார்ப்பாள்.

திரையைச் செல்லில் படமெடுத்து எஞ்சினியருக்கு அனுப்பிவிட்டு, செல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதில் வந்தது. செல்வி சொன்னது சரிதான், இடது பக்கம் ‘ஆமா’. கேள்வி மட்டும் இது: ‘பழையதையெல்லாம் அழித்துவிடட்டுமா?’