எலி நடக்கிறது என்றேன், சிஸ்டர்

ஸ்டெல்லா சிஸ்டர் இறந்துபோய்விட்டார் என்று மத்திகிரி டவுன் பஸ்ஸில்தான் கேள்விப்பட்டேன். அழுகைக்கு முன்னால் எனக்கு வெட்கம் வந்தது.

அவரிடம் கை கால் பயிற்சி எடுத்த நீங்கள் எல்லோரும் அவர் பொறுமையைச் சொல்வீர்கள். அந்தப் பொறுமையை நான் என்ன பாடுபடுத்தினேன் என்று நான்தான் சொல்ல வேண்டும். நாலாவது வரை படித்தவள், தெரிந்தபடி எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் கம்பெனிக் கூரையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அவருடைய எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு தனியாகப் பெங்களூர் போனேன். கருவிலிருந்து எடுத்த உயிரணுக்களை முறிந்த தண்டில் வைத்துப் பார்க்கிறார்கள் என்று ஒரு டாக்டர் தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னார். "இலிகள மேலே நடீத்தா இதே" என்று கன்னடத்தில் முடித்தார். இலி என்றால் எலி, நடீத்தா என்றால் நடக்கிறது. எனக்குத் தெரிந்த கன்னடம் அவ்வளவுதான். எலியே நடக்கிறதாம், நீங்களும் நடப்பீர்கள் என்று வீட்டில் வந்து சொன்னேன்.

அந்த வாரமே சிஸ்டர் ஒரு சக்கர நாற்காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். டாக்டர் சொன்ன கன்னடத்தை அப்படியே ஒப்பித்து வாசலிலேயே மறித்தேன்.

"நடக்கப் போற மனுசனுக்கு வண்டி எதுக்கு?"

"எலி நடக்கலம்மா. எலிங்க மேல சோதனை நடக்குதுன்னு சொல்லியிருக்காரு. மனுசனுக்கு வர எத்தினி வருசமோ."

"அவரு நடந்துட்டா உன் வேலை போயிடும்னு பயமா?"

சிரித்தார். "போவட்டுமே. அவரே நடந்து வந்து என்னைத் தொரத்தட்டும்."

வண்டி திரும்பிப் போனது. இரண்டு வருடம் என் வீட்டுக்காரர் கட்டிலில் காத்துக் கிடந்தார். முதுகில் புண் வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் வந்து கழுவியது சிஸ்டர்தான்.

ஒருநாள் கழுவும்போதே அவர் என்னைப் பார்த்துக் கத்தினார். "நடப்பேன்னு டாக்டர் சொன்னாரா, நீயா சொன்னியா?"

வாய் கூசாமல் சொன்னேன்: "சிஸ்டர்தான் கன்னடத்துக்கு அர்த்தம் சொன்னாங்க."

கழுவுவதை நிறுத்தாமலே, "ஆமாங்கண்ணா. தப்பா சொல்லிட்டேன்" என்றார் சிஸ்டர்.

அடுத்த வெள்ளி அதே வண்டியோடு வந்தார். "டயருக்குக் காத்தடிச்சிருக்கேன். என்மேல கோவத்தை வெச்சிக்கினே ஏறுங்க." ஏறினார். ஆனால் அதற்குப் பிறகு சிஸ்டரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சிஸ்டரின் அடக்கத்துக்கும் வரவில்லை.

உங்களுக்கு அனுப்பும் முன் இதை என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். என் முகத்தைப் பார்க்காமல் குனிந்து வண்டி டயரை அமுக்கிப் பார்த்தார்.

"பம்பு எங்க?" என்றார். "பின் டயரு எறங்கியிருக்கு. சிஸ்டர் கல்லறை வரைக்கும் தாங்காது."

சிஸ்டர் எங்கள் வீட்டில் விட்டுப்போன பம்பு அது. அவருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். எடுத்து வந்து காற்றடித்தேன்.