தண்ணீரில் ஓடவிருந்த ஸ்கூட்டர்

என் கணவர் எங்கள் வீட்டுக் குளியலறையில் ஹைட்ரஜன் தயாரித்துக்கொண்டிருந்த நாட்களில், குடும்பமே கொல்லைப்புறக் குழாயடியில் குளித்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் கணக்கு எழுதினார். படித்தது பி.காம். வேதியியலில் பட்டம் வாங்கிப் பள்ளியில் அதையே நடத்திக்கொண்டிருந்தவள் நான். ஆனால் தண்ணீரைப் பிரித்து ஸ்கூட்டர் ஓட்டும் ஞானம் அவருக்குத்தான் வந்தது.

கிளப்பிவிட்டவர் ரேடியோ கடை வைத்திருந்த அவருடைய சிநேகிதர். எதையோ அரைகுறையாகப் படித்துவிட்டு வந்து, இனி பெட்ரோல் பங்குகளை எல்லாம் இழுத்து மூட வேண்டியதுதான் என்றார். துணி வெளுக்கிற காஸ்டிக் சோடா, அவருடைய கம்பெனியிலிருந்து கொஞ்சம் வந்தது. என் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தட்டுகள் இரண்டு, ஊறுகாய் ஜாடிக்குள் வயர் மாட்டிக்கொண்டு நின்றன. பேட்டரி சார்ஜர் சிநேகிதர் உபயம். ஒரு தட்டிலிருந்து கிளம்பும் குமிழிகளை ரப்பர் குழாய் வழியாகச் சைக்கிள் ட்யூபில் பிடித்தார்கள்.

காலையில் சுவிட்சைப் போட்டால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு ட்யூப் லேசாக உப்பும். மறுநாள் சூம்பிக் கிடக்கும். அந்த வாயு ரப்பர் வழியாகவே கசிந்துவிடும் என்று சொன்னேன். இருவரும் காதில் வாங்காமல் பஞ்சர் கடைக்குப் போய், ட்யூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். “தண்ணியப் பிரிக்க நீங்க செலவழிக்கிற கரண்ட விட, அத எரிச்சா கம்மியாத்தான கெடைக்கும்? பொறவு என்னத்துக்கு இந்தப் பாடு?”

“நீ படிச்சது பரீட்சைக்கு. நான் பாக்கது பிராக்டிகலு” என்றார் அவர்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நாத்தனார் பேத்திக்குக் காதுகுத்து வந்தது. தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டரில் போய் இறங்கி, சொந்தக்காரர்களைத் திகைக்க வைப்பது என்று முடிவு செய்தார். ட்யூபை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்கார வேண்டுமாம். மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் புடவை மாற்றப் போனேன்.

ட்யூபைப் பின் சீட்டில் கட்டி, குழாயைக் கார்புரேட்டரில் சொருகி உதைத்தார். இஞ்சின் நிஜமாகவே உறுமியது. வண்டி பக்கத்து வீட்டுக் கேட் வரை போனது. அங்கே இஞ்சின் பின்னடித்து, தீ குழாய் வழியே ஏறி, ட்யூப் தெருவே அதிர வெடித்தது. நான் பதறி ஓடிப்போய்ப் பார்த்தேன். காயம் இல்லை. பின்தலை முடி பொசுங்கியிருந்தது. காது அடைத்துப்போனதால் நான் திட்டியது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. அது ஒன்றுதான் எனக்கு வருத்தம்.

டவுன் பஸ்ஸில்தான் போனோம். விசேஷ வீட்டில் தலை ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். வாயுவின் வேகத்தை நம்ம ஊர் இஞ்சின் தாங்கவில்லை என்று அவர் விளக்கினார். என்னைத் தவிர அத்தனை பேரும் நம்பினார்கள். பெரிய மனுஷர் ஒருவர், பெட்ரோல் கம்பெனிக்காரன் ஆள் அனுப்பிவிடுவான், சூதானமாக இருங்கள் என்று தாழ்ந்த குரலில் எச்சரித்தார். என் கணவர் அதை மறுக்காமல் தலையாட்டினார். நான் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரின் மருமகன் தொழில் கற்றுக்கொள்ள வந்து இறங்கினார். ரேடியோ கடைக்காரரும் வந்துவிட்டார். மூன்று பேருக்கும் காப்பி கொடுத்தேன். பிறகு மீட்டர் பெட்டியிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

பொழுது சாயத் திரும்பினால், வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். இவர் மட்டும் வியர்த்து வழிந்து வாசலில் நின்றார்.

“காலையில போன கரண்டு, இன்னும் வரல” என்றார். “பக்கத்து வீட்ல மட்டும் ஃபேன் ஓடுது. ஏன்னு தெரியல.”

மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரிக்கிறவர்கள் மூன்று பேர் கூடியும் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. கட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மீட்டர் பெட்டியில் மாட்டப் போனார். மறுநாள் சார்ஜர் ரேடியோ கடைக்குத் திரும்பிப் போனது.